பெட்டியில் என்ன கொண்டுபோவது?

கேள்வி: எனக்கு வயது 28. திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் உள்ள ஒரு மிஷன் மருத்துவமனையில் 2 ஆண்டுகள் ஊழியம் செய்ய வாய்ப்பு வந்திருக்கிறது. இது ஆண்டவருடைய அழைப்பு என்று நம்புகிறேன். அப்பா இல்லை, அம்மா ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். சுவிசேஷம் அறியாத ஏழை மக்களுக்கு மருத்துவம் செய்துகொண்டே இயேசுவைப் பற்றிச் சொல்ல அங்கே அனுமதி உண்டா? சபையார் 4 பெட்டி நிறையப் பழைய துணிகள் சேர்த்திருக்கிறார்கள். இன்னும் என்ன கொண்டுபோக வேண்டும்? ஏழைகளுக்குக் கொடுக்க மாதம் எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்? படிப்புக் கடனில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அங்கே என்னத்தைச் சாப்பிடுவாய் என்று அம்மா தினமும் கேட்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவை எதைக் கொண்டுபோகலாம், எதைக் கொடுக்கலாம், எதைச் சொல்லலாம் என்பவை. அந்த மருத்துவமனையில் உங்களுக்கு மேலே இருக்கப்போகிறவர் யார், உங்கள் வேலையைப் பார்த்து இது சரி, இது தவறு என்று சொல்லப்போகிறவர் யார் என்று ஒரு கேள்விகூட இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மலாவியின் மத்தியப் பகுதியில் ஒரு மிஷன் மருத்துவமனையில் 9 ஆண்டுகள் செவிலியப் பயிற்சி ஆசிரியையாக இருந்துவிட்டு 2023-இல் ஊர் திரும்பியவள் நான். புறப்பட்டபோது நானும் அதைக் கேட்கவில்லை, அதன் பலனை முதல் ஆண்டு முழுவதும் அனுபவித்தேன். ஆகவே உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது, நீங்கள் கேட்காத அந்த ஒன்றையும் இடையிடையே நானே எழுப்பிக்கொள்கிறேன்.

சுவிசேஷம் அறியாத மக்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மலாவி மக்களில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானோர் கிறிஸ்தவர்கள். மலாவி ஏரியின் தென்கரையை ஒட்டிய மாவட்டங்களில் இஸ்லாமியர் கணிசமாக வாழ்கிறார்கள். 1875-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த லிவிங்ஸ்டோனியா மிஷன், மலாவி ஏரியின் தென்முனையில் உள்ள கேப் மக்ளியரில் குடியேறியது. காய்ச்சல் அவர்களில் பலரை வாரிக்கொண்டு போனது. 1881-இல் மிஞ்சியவர்கள் வடக்கே பண்டாவேக்கு இடம் மாறியபோது, அத்தனை ஆண்டு உழைப்புக்கும் அங்கே ஞானஸ்நானம் பெற்றிருந்தவர் ஆல்பர்ட் நமலாம்பே என்ற ஒரே ஒருவர். அப்படித் தொடங்கியதுதான் பிற்பாடு வேறு மிஷன்களின் சபைகளோடு சேர்ந்து, 1924 முதல் மத்திய ஆப்பிரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் சபை என்ற பெயரில், இன்று தன் போதகர்களையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் தானே நடத்திக்கொண்டிருக்கிறது. நம் திருநெல்வேலிச் சபை ஒன்றுக்கு எங்கிருந்தோ ஓர் இளம்பெண் வந்து, உங்கள் பாட்டியிடம் "இயேசுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று விசாரித்தால் பாட்டி என்ன செய்வார்களோ அதையேதான் அங்குள்ள பாட்டிமாரும் செய்வார்கள்: சிரித்துக்கொண்டே உட்காரச் சொல்லி, சாப்பிட ஏதாவது கொடுப்பார்கள்.

எனவே அனுமதி உண்டா என்ற கேள்வியே எழாது. மிஷன் மருத்துவமனையில் காலை வேலை ஜெபத்தோடுதான் தொடங்கும். வாத்தியம் எதுவும் இல்லாமல், நான்கு குரலும் பிசகாமல் அவர்கள் பாடுவதைக் கேட்கும்போது, நம் ஊர்ப் பாடகர் குழுவில் இருபது ஆண்டு நின்றவர்களும் வாயைத் திறக்கத் தயங்குவார்கள். சபையின் மாதர் சங்கத்தார் சீருடையில் வரிசையாக வந்து படுக்கை படுக்கையாக நின்று நோயாளிகளுக்காக ஜெபிப்பார்கள். உங்களுக்கு அங்கே கேட்கும் இடம் உண்டு. நீங்கள் பேசும் இடம் தானாக வரும், அதுவும் அவர்கள் கூப்பிடும்போது வரும்.

இன்னொன்றையும் அறிந்துகொண்டு போவது நல்லது. மிஷனெரிகளைப் பற்றி அந்த நாட்டின் நினைவு ஒரே நிறத்தில் இல்லை. சிராட்ஸுலுவில் தனியாக ஒரு மிஷனை நிறுவிய மலாவியப் போதகர் ஜான் சிலெம்ப்வே, தோட்டத் தொழிலாளிகள் பட்ட கொடுமையையும், வெள்ளையரின் போருக்கு ஆப்பிரிக்கரை அனுப்பிச் சாகவிட்டதையும் பொறுக்காமல் 1915 ஜனவரியில் கிளர்ச்சி செய்து, சில நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஆட்கள் தாக்கிய மகோமெரோ தோட்டம், ஸ்காட்லாந்து மிஷனெரி டேவிட் லிவிங்ஸ்டனுடைய மகள் வழிக் குடும்பத்துக்குச் சொந்தமானது. ஜனவரி 15 அங்கே சிலெம்ப்வே நாள், அரசு விடுமுறை; அவர் முகம் பணத்தாளில் இருக்கிறது. லிவிங்ஸ்டன் பிறந்த ஸ்காட்லாந்து ஊரின் பெயரான பிளாண்டயரையும் அந்த நாடு தன் பெரிய வணிக நகரத்துக்கு இன்றுவரை வைத்திருக்கிறது. இரண்டையும் அவர்கள் ஒரே மனத்தில் வைத்திருக்கிறார்கள். வெளியாள் ஒருவர் இதில் தீர்ப்புச் சொல்லாமல் இருந்தாலே போதும்.

மொழியைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் வைப்பேன். லிவிங்ஸ்டோனியா மிஷன் வடக்கே இருந்த ங்கோனி மக்களிடம் போனபோது, அந்தப் போர்க்குடிகளின் நடுவில் முதலில் குடியிருந்து பழகியவர் ஸ்காட்லாந்துக்காரர் அல்லர். தென்னாப்பிரிக்காவிலிருந்து 1876-இல் வந்த வில்லியம் கோயி என்ற கோசா இனத்தவர். ங்கோனியரின் பழைய பேச்சும் அவருடைய தாய்மொழியும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. அவர் பேசியது அவர்களுக்குப் புரிந்தது, அவர்கள் திட்டியது அவருக்குப் புரிந்தது. பள்ளிக்கும் பிரசங்கத்துக்கும் தலைவர்கள் இடம் கொடுக்காத அந்த ஆண்டுகளில் அவர் பொறுமையாக அங்கேயே இருந்தார். 1886-இல் அங்கேயே இறந்தார். மிஷன் வரலாறு என்று நமக்குச் சொல்லித்தரப்படுவதில் இவர் பெயர் பெரும்பாலும் வருவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

உங்கள் மருத்துவமனை இருக்கும் பகுதியில் சிச்செவா பேசுவார்கள். முதல் 3 மாதம் வார்டு வேலை வேண்டாம், மொழி கற்க ஓர் ஆசிரியரும் தங்க ஒரு வீடும் வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். தமிழ் பேசுகிறவர்களுக்கு அந்த மொழியில் ஒரு பெரிய வசதி உண்டு: நாம் பெரியவர்களை "நீங்கள்" என்று பன்மையில் சொல்வதுபோலவே அவர்களும் சொல்கிறார்கள். "முலி ப்வான்ஜி" என்றால் எப்படி இருக்கிறீர்கள். "உலி ப்வான்ஜி" என்றால் எப்படி இருக்கிறாய். நான் என் சிச்செவாவைக் குழந்தைகள் வார்டில் பொறுக்கிக் கற்றேன். அங்கே எல்லோரும் குழந்தைகளிடம் "உலி" என்றுதான் பேசுவார்கள். அந்த அறிவோடு ஒருநாள் பெண்கள் வார்டில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பாட்டியைப் பார்த்து, கணீரென்று, "எப்படிடி இருக்கிறாய்?" என்ற தொனியில் கேட்டுவிட்டேன். வார்டு முழுவதும் ஒரு கணம் அடங்கிப்போனது. பிறகு பாட்டியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அறுவை செய்த தையல் வலித்திருக்கும். அன்று மாலை இன்சார்ஜ் சிஸ்டர் என்னைத் தனியே அழைத்து அரை மணி நேரம் பாடம் எடுத்தார். இரண்டு கைகளாலும் வாங்குவது, மூத்தவர் முன்னால் முழங்காலைச் சற்று மடக்கி வணங்குவது, பேச்சைத் தொடங்குமுன் நலம் விசாரித்து முடிப்பது என்று எல்லாமே அந்த அரை மணியில் வந்தவை. வீட்டு வாசலில் நின்று யாராவது "ஓடி! ஓடி!" என்று குரல் கொடுத்தால் பதறாதீர்கள், உள்ளே வரலாமா என்று கேட்கிறார்கள்.

இனி அந்த இன்சார்ஜ் சிஸ்டர் விஷயம். மலாவியில் வார்டைத் தாங்கி நிற்பவர்களில் பெரும்பாலோர் 3 ஆண்டு டிப்ளமோ படித்த செவிலியர்-மருத்துவச்சிகள். நீங்கள் நான்காண்டுப் பட்டம் பெற்றவர். அந்தப் பட்டத்தை அங்கே மடித்து உள்ளே வைத்துவிடுங்கள். இரவில் தனியாக ஐம்பது படுக்கைகளைப் பார்த்துக்கொண்டு, இடையில் பிரசவமும் பார்த்து, மூச்சுவிடாத குழந்தையை முகமூடியும் பையும் கொண்டு மீட்டெடுக்கிறவர்கள் அவர்கள். சிசேரியன் அறுவையைக்கூட, மருத்துவர் பட்டம் பெறாமல் அதற்கென்றே பயிற்சி பெற்ற கிளினிக்கல் ஆபீசர்கள் செய்வார்கள், நன்றாகவே செய்வார்கள். மலேரியாவில் நினைவிழந்த குழந்தைகளை மதிப்பிட நீங்கள் பாடத்தில் படித்திருக்கக்கூடிய பிளாண்டயர் கோமா அளவுகோல் அந்த நாட்டு வார்டுகளில் உருவானது. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும், ரத்தப் பரிசோதனை எண்ணிக்கைக்குக் காத்திராமல், ஆயுள் முழுவதற்குமான மருந்தை உடனே தொடங்கும் முறையை 2011-இல் முதன்முதலில் நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தியது மலாவி. உலகம் பின்னால் வந்தது. ஏழை நாடு என்பதால் அறியாத நாடு என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் முதல் வாரத்திலேயே தலைகுனிய நேரிடும்.

அப்படியானால் நீங்கள் எதற்கு என்று கேட்பீர்கள். அதைத்தான் நீங்கள் மருத்துவமனையிடம் கேட்க வேண்டும், சபையிடம் அல்ல. படித்து முடித்த உள்ளூர்ச் செவிலியர்கள், சம்பளத்துக்கு அரசிடம் நிதியில்லாததால் வேலையின்றிக் காத்திருந்த காலங்களை நான் பார்த்திருக்கிறேன். 1966 முதல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் சேர்ந்து நடத்தும் மலாவி கிறிஸ்தவச் சுகாதாரச் சங்கத்தின் மருத்துவமனைகளிலும் ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதி அரசிடமிருந்துதான் வருகிறது. "இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் இல்லையா?" என்று நேராகக் கேளுங்கள். சாதாரண வார்டு வேலை என்றால் போகாதீர்கள். குறைமாதக் குழந்தைகளின் பராமரிப்பைக் கற்றுத்தர வேண்டும், அந்தப் பிரிவை உள்ளூர்ச் செவிலியர் ஒருவரோடு சேர்ந்து நிறுவ வேண்டும் என்றால் உங்கள் 5 ஆண்டு அனுபவம் அங்கே பொன். வெளிநாட்டவர்க்கான வேலை அனுமதியும் ஏறத்தாழ இந்த நியாயத்தில்தான் கிடைக்கிறது.

அந்த அனுபவமும் அங்கே போனதும் கொஞ்சம் தலைகீழாகும். 2022 ஜனவரியில் அனா புயலில் கப்பிச்சிரா நீர்மின் நிலையம் சேதமடைந்து, நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதற்குப் பின் வந்த ஓர் இரவு. 1,300 கிராம் எடையுள்ள ஒரு பெண் குழந்தை கதகதப்பு விளக்கின் கீழே இருந்தது; மின்சாரம் நின்றது; ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு யாருக்கு அலைபேசியில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வார்டு உதவியாளர் அம்மாள், பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர், ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையை எடுத்து, ஈரத்துணியை உருவி, தாயின் இரு மார்புக்கும் நடுவே தவளைக்குட்டிபோல் ஒட்டவைத்து, சிதென்ஜே என்ற இரண்டு மீட்டர் பூத்துணியால் அக்குளுக்குக் கீழே மும்முறை சுற்றி முடிச்சிட்டார். குழந்தையின் தலைக்குக் கம்பளித் தொப்பி. விடியும்வரை தாய் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தாள். காலையில் வெப்பநிலை 36.6. தோலோடு தோல் வைத்துக் காக்கும் அந்த முறையை நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். இருட்டில் முடிச்சுப்போடக் கற்றது அவரிடம்.

பணத்துக்கு வருகிறேன். இதில் நான் செய்த தவறை முழுதாகச் சொல்வதே நல்ல பதில். மலாவியில் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். மிஷன் மருத்துவமனைகள் கட்டணம் வாங்கித்தான் நடக்க முடிகிறது, தாய்-சேய் சிகிச்சை போன்ற சிலவற்றுக்கு மட்டும் ஒப்பந்தப்படி அரசு பணம் கொடுக்கும். நான் போன அடுத்த ஆண்டு, காலெலும்பு முறிந்த 14 வயதுப் பையன் ஒருவன் சிகிச்சை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் படுத்திருந்தான். விசாரித்தேன், 18,000 குவாச்சா பாக்கி. அன்றைய மதிப்பில் எனக்கு அது பெரிய தொகையில்லை. கணக்கு அறைக்குப் போய்க் கட்டிவிட்டு, அவன் தாயிடம் ரசீதைக் கொடுத்து, அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மிகுந்த மனநிறைவோடு வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

மறுநாள் மதியம் வெயிலில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மருத்துவமனை வாசலில் வந்து நின்றார். பையனின் மலூமே. செவா மக்கள் தாய்வழிச் சமூகத்தார்; பிள்ளைகளின் பொறுப்பு தாய்மாமனுடையது, மலூமே என்றால் தாய்மாமன். இரண்டு ஆடுகளை விற்று, பணத்தைத் துணியில் முடிந்து, இருபது கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வந்திருந்தார். கணக்கு அறையில், வெளிநாட்டுச் சிஸ்டர் நேற்றே கட்டிவிட்டார் என்று சொன்னார்கள். அவர் எனக்கு நன்றி சொன்னார்; இரண்டு கைகளையும் தட்டி, முறைப்படி சொன்னார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நம் வீட்டு விசேஷத்தில் தாய்மாமன் தட்டோடு வாசலில் வந்து நிற்கும்போது, யாரோ ஒரு பணக்காரர் முந்திக்கொண்டு சீரைச் செய்து முடித்திருந்தால் அந்த மாமன் முகம் எப்படி இருக்கும் என்பது தமிழச்சியான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. நான் ஏழையைப் பார்த்தேன், மாமனைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் என் வீட்டுத் திண்ணையில் காலை ஆறு மணிக்கே ஆட்கள் உட்காரத் தொடங்கினார்கள். அவர்களில் யாருக்கு உண்மையிலேயே இல்லை என்று பிரித்தறிய எனக்கு மொழியும் போதாது, ஊரும் தெரியாது. இன்சார்ஜ் சிஸ்டர் வந்து நிதானமாகச் சொன்னார்: மருத்துவமனையில் இல்லாதவர்களுக்கான நிதி ஒன்று இருக்கிறது, போதகரும் ஊர்த்தலைவரும் அடங்கிய குழு விசாரித்துக் கொடுக்கிறது, "நீங்கள் போய்விடுவீர்கள், இல்லை என்று சொல்வதற்கு நாங்கள் இங்கேயே இருக்க வேண்டும்" என்றார். எனவே உங்களுக்கு என் யோசனை: தனி ஆளின் கையில் மருத்துவச் செலவுக்குப் பணம் கொடுக்காதீர்கள். தசமபாகமோ அதற்கு மேலோ, உங்களால் இயன்றதை மாதாமாதம் அந்த நிதியில், பெயர் சொல்லாமல், போட்டுவிடுங்கள். தொகையைவிட மாதம் தவறாமல் போடுவது அவர்களுக்கு உதவியாக இருக்கும்.

ஒரு விலக்கு உண்டு. வீட்டு வேலைக்கு ஒருவரை அமர்த்துங்கள். தனியாகவே எல்லாம் செய்துகொள்வேன் என்பது அங்கே எளிமையாகத் தெரியாது, கஞ்சத்தனமாகத் தெரியும். அவருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள். அவருடைய குடும்பத்தின் கஷ்டகாலம் டிசம்பர் முதல் மார்ச் வரை, களஞ்சியம் காலியாகிப் புது மக்காச்சோளம் வராத மாதங்கள். அறுவடை முடியும் மே மாதத்தில் சோளம் மலிவு; ஜனவரியில் விலை எங்கோ ஏறியிருக்கும். மே மாதமே இரண்டு மூட்டை வாங்கி, வண்டு விழாமல் மருந்து கலந்து வைத்து, ஜனவரியில் கொடுத்தால், அதே பணம் இரட்டிப்பு வேலை செய்யும்.

சபையார் சேர்த்த 4 பெட்டிப் பழைய துணிகளை அன்போடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவும் உடுத்திக் கழித்த துணிகள் பொதி பொதியாக மலாவிக்கு வந்து சந்தைகளில் குவிந்து கிடக்கின்றன. அதற்குக் கவுன்ஜிகா என்று பெயரே இருக்கிறது. அதை விற்றுத்தான் எத்தனையோ பெண்கள் பிழைக்கிறார்கள். அங்கே பழந்துணி கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது, அதுவும் விமானக் கூலி கொடுத்து. சபையார் மனம் வருந்தாமலிருக்க, பிரசவ வார்டுக்குப் புதுச் சிதென்ஜே துணிகளை அங்கேயே வாங்கிக்கொள்ளப் பணமாகக் கொடுங்கள் என்று கேளுங்கள். பிரசவத்துக்கு வரும் பெண் தன் பங்குக்கு விரிக்க ஒரு பிளாஸ்டிக் தாளும், ஒரு பேசினும், குழந்தையைத் துடைக்கவும் சுற்றவும் இரண்டு மூன்று துணிகளும் கொண்டுவர வேண்டும். கபாசா என்ற சைக்கிள் டாக்ஸியின் பின்னால் வலியோடு உட்கார்ந்து வருகிறவளிடம் சில சமயம் இடுப்பில் கட்டிய துணியைத் தவிர வேறு இருக்காது.

உங்கள் சொந்தப் பெட்டியில் தலையில் மாட்டும் டார்ச், நொடிமுள் உள்ள கைக்கடிகாரம், மூடிய காலணி, ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்; ஜூன், ஜூலையில் அந்த மேட்டுநிலத்தில் நடுங்கும். நம் மின்சாதனங்கள் அங்கே ஓடும், பிளக் மட்டும் சதுரமுள் வகை. மலேரியா தடுப்பு மருந்து தவறாமல் எடுங்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு உள்ள ஓரளவு எதிர்ப்பு உங்களுக்குக் கிடையாது. ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை உடனே, எப்படியும் 72 மணி நேரத்துக்குள், தொடங்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த மருந்து வார்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ நெடுநேரம் தங்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். மலாவிச் செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்யாமல் ஒரு நோயாளியையும் தொடாதீர்கள், ஊழியம்தானே என்று யார் சொன்னாலும். நம் மாநிலக் கவுன்சிலின் நற்சான்று கைக்கு வரவே நாளாகும். இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

கடனை அடைத்துவிட்டுப் போங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. குவாச்சாவில் கிடைக்கும் படித்தொகையை நம்பி இந்திய வங்கித் தவணை கட்ட முடியாது; 2022 மே மாதத்தில் 25 சதவீதமும் 2023 நவம்பரில் 44 சதவீதமும் அந்தப் பணத்தின் மதிப்பு ஒரேயடியாகக் குறைக்கப்பட்டது. ஓராண்டு தள்ளிப்போனால் அழைப்பு காலாவதியாகிவிடாது.

ஜெபக்கடிதம் எழுதும்போது நோயாளிகளின் படங்களை, முக்கியமாக மெலிந்த குழந்தைகளின் படங்களை, அனுப்பாதீர்கள். உங்கள் வார்டில் உள்ள குழந்தையின் படத்தை இங்கே அதன் தாயின் அனுமதியின்றி வெளியிடுவீர்களா? அதே சட்டம்தான் அங்கேயும். உங்களை முதலில் கடைக்கார இந்தியர் வீட்டுப் பெண் என்று நினைத்து எட்ட நின்றுதான் பேசுவார்கள். அதைக் கலைப்பது படமோ பரிசோ அல்ல. இறந்த வீட்டுக்குப் போங்கள். உடன் வேலை செய்கிறவர் வீட்டில் சாவு விழுந்தால், பெண்கள் உள்ளே தரையில் உட்கார்ந்திருக்கும் அறையில் நீங்களும் போய்ச் சுவரோரம் உட்காருங்கள். ஒன்றும் பேச வேண்டாம். அடுத்த வாரம் வார்டில் உங்களிடம் பேசும் குரல்கள் மாறியிருக்கும்.

கடைசியாக அம்மா. "ஆண்டவர் அழைக்கிறார்" என்று நீங்கள் சொன்னபின் உங்கள் அம்மா பதிலுக்கு எதைச் சொன்னாலும் அது ஆண்டவருக்கு எதிரான பேச்சாகிவிடுகிறது. விதவையான ஒரு தாயை அப்படி மூலையில் நிறுத்துவது நியாயமில்லை. அழைப்பு மெய்யா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதை அம்மாவின் வாயை அடைக்கப் பயன்படுத்தினால், பிற்பாடு அந்த இன்சார்ஜ் சிஸ்டரின் வாயை அடைக்கவும் பயன்படுத்துவீர்கள். ஊழியத்துக்குப் போகிறேன் என்பதை ஒரு வேலை விஷயமாக அவர்கள் முன்னால் வையுங்கள்: யாருக்குக் கீழே வேலை, எங்கே தங்கல், என்ன படித்தொகை, நோய்வாய்ப்பட்டால் யார் பார்ப்பார்கள், அம்மாவுக்கு ஒன்று என்றால் எத்தனை நாளில் ஊர் வரலாம், டிக்கெட் யார் செலவு. மருத்துவமனையிடமிருந்து இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கி, தமிழில் படித்துக் காட்டுங்கள். பதில் வராத கேள்வி இருந்தால், அம்மாவின் பயத்தில் பாதி நியாயமானது என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

அவர்களுடைய சாப்பாட்டுக் கேள்விக்கு மட்டும் நானே பதில் தருகிறேன். அங்கே அன்றாடம் ன்சிமா: மக்காச்சோள மாவைக் கிளறி உருண்டையாக வைக்கும் வெள்ளைக் களி. தொட்டுக்கொள்ளப் பூசணி இலைக் கீரை, நிலக்கடலைப் பொடி சேர்த்துக் கடைந்தது. அல்லது உசிபா என்ற ஏரி மீன், கருவாடாகக் காயவைத்தது, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் நெத்திலி. கையால்தான் சாப்பிடுவார்கள், சாப்பிடுமுன் இளையவர் ஒருவர் செம்பிலிருந்து எல்லோர் கையிலும் தண்ணீர் ஊற்றுவார், அந்த வேலை பெரும்பாலும் உங்களுக்கு வந்து சேரும். வடக்கே கரோங்காவில் விளையும் அரிசி நல்ல மணமாக இருக்கும். தலைநகர் லிலோங்வேயில் இந்தியர் கடைகளில் துவரம்பருப்பும் மிளகாய்த்தூளும் கிடைக்கும். நார்த்தங்காய் ஊறுகாய் கிடைக்காது. பழந்துணிப் பெட்டி காலியான இடத்தில் அம்மா கையால் போட்ட ஊறுகாய் இரண்டு பாட்டில், மூடி கசியாமல் கட்டி, எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று உங்கள் இன்சார்ஜ் சிஸ்டருக்கு.